கரன்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்கும் முன் போட வேண்டிய பிளம்பிங் கணக்கு

கடந்த மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை 6 மணி. வேளச்சேரியில் நானும் நண்பனும் குடியிருக்கும் வாடகை வீட்டின் காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் கீழ் வீட்டு ஆன்ட்டி. "தம்பி, உங்க வீட்ல ஏதாவது பைப் உடைஞ்சிடுச்சா? எங்க ஹால் சீலிங்ல இருந்து சொட்டுது. கையில பட்டா பிசுபிசுன்னு இருக்கு."

திரும்பிப் பார்த்தால், நண்பன் ஆசையாக வைத்திருந்த நான்கடி கடல்நீர் மீன்தொட்டிக்குக் கீழே தரையெல்லாம் உப்புத் தண்ணீர். இரவு 2 மணிக்குக் கரன்ட் போய், 20 நிமிடத்தில் திரும்பி வந்திருக்கிறது. அந்த 20 நிமிடத்தில் ஒன்றரை பக்கெட் தண்ணீர் வெளியே ஊற்றியிருக்கிறது. இரண்டு பேரும் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தேடினோம். எந்தப் பைப்பும் உடையவில்லை. எங்கேயும் ஒழுகவில்லை. தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் பைப்பின் வாய், இருக்க வேண்டிய இடத்தைவிட 12 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. தப்பு அவ்வளவுதான்.

கடல்நீர் தொட்டி வைக்க ஆசைப்படும் பலரும் முதலில் யோசிப்பது எந்த மீன், எந்த லைட் என்றுதான். ஆனால் முதலில் பேப்பரில் வரைய வேண்டியது பிளம்பிங். அதை வரையும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கரன்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

சம்ப் என்றால் என்ன?

சம்ப் என்றதும், வாசலில் லாரித் தண்ணீர் நிரப்பும் தரைத்தொட்டிதான் நமக்கு ஞாபகம் வரும். மீன்தொட்டி சம்ப்பும் கிட்டத்தட்ட அதேதான். வீட்டில் கீழே சம்ப், மேலே ஓவர்ஹெட் டேங்க், நடுவில் மோட்டார். டேங்க் நிரம்பினால் ஓவர்ஃப்ளோ பைப்பில் தண்ணீர் கொட்டும், "மோட்டாரை நிறுத்து!" என்று யாராவது கத்துவார்கள்.

மீன்தொட்டியில் அந்த மோட்டாரை யாரும் நிறுத்துவதில்லை. மேலே மீன்கள் இருக்கும் கண்ணாடித் தொட்டி, ஸ்டாண்டுக்குள் சம்ப். ரிட்டர்ன் பம்ப் 24 மணி நேரமும் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மேல்தொட்டியின் ஓரத்தில் உள்ள ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்பைத் தாண்டும் தண்ணீர், தானாகப் பைப் வழியே சம்ப்புக்கு இறங்கும். பம்ப் எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவே இறங்கும்.

இதனால் என்ன லாபம்? முதலாவது, தண்ணீரின் மொத்த அளவு கூடுகிறது. அளவு கூடினால் உப்பும் வெப்பநிலையும் சட்டென்று மாறாது. இரண்டாவது, மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் முதலில் கீழே போய்விடுகிறது. மூன்றாவது, ஹீட்டர், ஸ்கிம்மர் போன்ற கருவிகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஒளிந்துகொள்கின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம். ஓவர்ஃப்ளோ விளிம்பு இருப்பதால் மேல்தொட்டியின் நீர்மட்டம் மாறவே மாறாது. ஆவியாகும் தண்ணீரோ கசியும் தண்ணீரோ, எல்லாக் குறைவும் சம்ப்பின் கடைசி அறையில், பம்ப் இருக்கும் இடத்தில்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணக்கு 1: பம்ப் நின்றால்?

பம்ப் நின்ற அடுத்த நொடி இரண்டு விஷயங்கள் நடக்கும். விளிம்புக்கு மேலே இருக்கும் தண்ணீர் கீழே வடியும். கூடவே, ரிட்டர்ன் பைப் தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும். லாரி டேங்கிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி விட்டால் தண்ணீர் தானாக இறங்குமே, அதே சைஃபன். பைப்பின் வாய்க்குக் காற்று கிடைக்கும்வரை அது நிற்காது. ஆக, பைப்பின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரும் கீழே வரும்.

எங்கள் வீட்டுத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 45, உயரம் 45. கண்ணாடியின் தடிமனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 120 × 45 × 1 = 5,400 கன செ.மீ. அதாவது மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 5.4 லிட்டர்.

கீழே சம்ப் 90 × 40 × 40. அதில் ஒரு சென்டிமீட்டருக்கு 3.6 லிட்டர். ஓடும்போது நீர்மட்டம் 24 செ.மீ. என்றால் மேலே 16 செ.மீ. காலி. அதாவது சுமார் 57 லிட்டருக்கு இடம் இருக்கிறது.

பைப்பின் வாய் நீர்மட்டத்திலிருந்து 15 செ.மீ. ஆழத்தில் இருந்தது. 15 × 5.4 = 81 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பைப்பிலும் இருப்பது சுமார் 5 லிட்டர். மொத்தம் 86 லிட்டர் கீழே வருகிறது, இடமோ 57 லிட்டருக்குத்தான். மிச்சம் கீழ் வீட்டு சீலிங்குக்கு.

அதே வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால்? 16 லிட்டரும் பைப்பில் உள்ள 5 லிட்டரும் சேர்த்து 21 லிட்டர். சம்ப்பின் மட்டம் 6 செ.மீ. உயரும். அதற்கு மேலும் 10 செ.மீ. காலியாக இருக்கும். தரை நனையாது.

"நான்-ரிட்டர்ன் வால்வு போட்டா போதுமே" என்று பிளம்பர் சொல்வார். மோட்டார் லைனுக்கு அது சரி. கடல்நீரில் அதை மட்டும் நம்ப முடியாது. குட்டி நத்தை ஒன்று நுழைந்தாலோ, சுண்ணாம்புப் படிவம் ஒட்டினாலோ வால்வு முழுசாக மூடாது. மூடவில்லை என்பது கரன்ட் போன பிறகுதான் தெரியும். பைப்பில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன துளை போட்டு சைஃபனை உடைக்கும் வழியும் உண்டு. நல்லதுதான், ஆனால் பாசி அடைத்துவிடும், அடிக்கடி குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். வால்வும் துளையும் கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும். அவை இரண்டும் வேலை செய்யாவிட்டாலும் தரை நனையாதபடி கணக்கு அமைய வேண்டும்.

கணக்கு 2: வடிகால் அடைத்தால்?

இது முதல் கணக்குக்கு நேரெதிர். கரன்ட் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது. ஆனால் ஒரு நத்தையோ பாசிக் கொத்தோ வடிகால் பைப்பை அடைத்துவிட்டது. இப்போது தண்ணீர் மேலே மட்டும் போகும், கீழே வராது. பம்ப் தன் அறையைக் காலி செய்யும்வரை மேல்தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும்.

அதனால் பம்ப் அறையின் மொத்தத் தண்ணீரும் மேல்தொட்டியின் காலி இடத்துக்குள் அடங்க வேண்டும். நம் தொட்டியில் மட்டம் 42 செ.மீ., மேலே 3 செ.மீ. காலி. அதாவது 16 லிட்டர். பம்ப் அறை 20 × 40 செ.மீ., தண்ணீர் 20 செ.மீ. உயரம் என்றால் அதுவும் 16 லிட்டர். அடியில் உள்ள சில சென்டிமீட்டரைப் பம்ப்பால் உறிஞ்ச முடியாது என்பதால் மயிரிழையில் தப்பிக்கலாம். இதைவிடப் பெரிய அறை வைத்தால் தப்பிக்க முடியாது.

ஆனால் இதை மட்டும் நம்பவும் கூடாது. வடிகாலுக்குக் கட்டாயம் மாற்றுப் பாதை வேண்டும்.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

வடிகால் அமைப்பில் பிரபலமானவை மூன்று. ஒற்றைக் குழாய் அமைப்பு டர்சோ. தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கும். எளிது, ஆனால் சத்தம் வரலாம், அடைத்தால் மாற்று இல்லை. இரண்டு குழாய் அமைப்பு ஹெர்பி. ஒன்றில் காற்றே இல்லாமல் முழுக் குழாயாகத் தண்ணீர் இறங்கும், இன்னொன்று அவசரத்துக்காகச் சற்று உயரத்தில் காலியாக நிற்கும். மூன்று குழாய் அமைப்பு பீன் அனிமல். முழுக் குழாய் ஒன்று, கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஓடும் குழாய் ஒன்று, அவசரக் குழாய் ஒன்று. சத்தம் குறைவு, பாதுகாப்பு அதிகம், ஆனால் துளைகளும் அதிகம்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் குறைந்தபட்சம் ஹெர்பி வரை போவது நல்லது. முழுக் குழாயில் கேட் வால்வு போடுங்கள். பால் வால்வில் நுணுக்கமாகத் திருகிச் சரிசெய்ய முடியாது. அவசரக் குழாயில் மட்டும் எந்த வால்வும் வைக்காதீர்கள். யாராவது தெரியாமல் மூடிவிட்டால் கதை முடிந்தது. அந்த அவசரக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், பிரதான குழாயில் அடைப்பு என்று அர்த்தம். அதுவே உங்கள் அலாரம்.

முழுக் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீரில் 2 அல்லது 3 செ.மீ. மட்டும் மூழ்கியிருக்கட்டும். அதிக ஆழம் போனால், கரன்ட் வந்தபின் குழாயில் உள்ள காற்று வெளியேற முடியாமல் ஓட்டம் ஒழுங்காகத் தொடங்காது.

ஒரு எச்சரிக்கை: துளை போடுவதற்கு முன் கண்ணாடி டெம்பர்டா என்று கடையில் உறுதி செய்யுங்கள். டெம்பர்ட் கண்ணாடியில் துளை போட்டால் தூள் தூளாகும். துளையே வேண்டாம் என்று ஓரத்தில் மாட்டும் யு-டியூப் ஓவர்ஃப்ளோ வாங்குபவர்களும் உண்டு. டியூப்பில் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்தால் வடிகால் நின்றுவிடும், பம்ப் மட்டும் ஓடும். ஆபீஸ் போய்விட்டு ராத்திரி வருபவர்களுக்கு அது சரிப்பட்டு வராது.

சம்ப்புக்குள் என்ன, எங்கே?

90 செ.மீ. சம்ப்பை நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதல் 25 செ.மீ.: தண்ணீர் இறங்கும் அறை. குப்பையைப் பிடிக்கும் துணிப்பை இங்கே. சில நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டியிருக்கும், கைக்கு எட்டும்படி வையுங்கள்.

அடுத்த 35 செ.மீ.: புரோட்டீன் ஸ்கிம்மர். அலை அடிக்கும்போது கரையில் நுரை ஒதுங்குகிறதல்லவா? தண்ணீரில் கரைந்த அழுக்கு காற்றுக்குமிழில் ஒட்டிக்கொண்டு நுரையாகும். அதையே கருவியாகச் செய்தால் ஸ்கிம்மர். இது ஒழுங்காக வேலை செய்ய நீர்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். அதனால் இந்த அறையின் தடுப்புக் கண்ணாடி உயரத்தை ஸ்கிம்மரின் கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதலில் ஸ்கிம்மரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு சம்ப் செய்யக் கொடுங்கள்.

அடுத்த 10 செ.மீ.: குமிழித் தடுப்பு. மேலே, கீழே, மேலே என்று தண்ணீர் போகும்படி மூன்று கண்ணாடிகள். இது இல்லையென்றால் மேல்தொட்டி சோடா மாதிரி இருக்கும்.

கடைசி 20 செ.மீ.: ரிட்டர்ன் பம்ப் அறை.

ஸ்டாண்டு செய்யும்போது பலர் மறப்பது ஒன்று உண்டு. ஸ்கிம்மர் கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற இடம் இருக்கிறதா? பின்னாளில் சம்ப்பை வெளியே எடுக்கக் கதவு அகலம் போதுமா? இன்ச் டேப்போடு உட்கார்ந்து பாருங்கள். தொட்டி, தண்ணீர், கல், சம்ப் எல்லாம் சேர்ந்து எடை 400 கிலோவைத் தாண்டும். மாடி வீடு என்றால் சுவரோரமாக வையுங்கள். பழைய கட்டடம் என்றால் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பம்ப் டப்பாவில் எழுதியிருப்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. டப்பாவில் இருக்கும் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்பது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. நம் அமைப்பில் சம்ப் மட்டத்திலிருந்து மேல்தொட்டி வரை சுமார் 1 மீட்டர் ஏற வேண்டும். அதோடு எல்போக்கள், வால்வுகள். அதிகபட்சம் 2 மீட்டர் ஏற்றும் பம்ப், 1 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பாதிதான் தரும். டப்பாவின் பக்கவாட்டில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள்.

தேவை எவ்வளவு? மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 3 முதல் 5 மடங்கு சம்ப் வழியாகப் போனால் போதும். சுமார் 230 லிட்டர் தொட்டிக்கு 700 முதல் 1,150 லிட்டர். மீன்களுக்குத் தேவையான அலையைத் தனி வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். பெரிய பம்ப் வாங்கினால் சத்தமும் சூடும்தான் மிச்சம்.

பிளம்பரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது

வழக்கமான வீட்டு பிளம்பிங் பழக்கத்தில் அவர் ஒரு பித்தளை வால்வை மாட்டிவிட்டுப் போகலாம். பித்தளையில் தாமிரம் இருக்கிறது. கடல்நீரில் அது அரித்துக் கரையும். இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத் தாமிரம் விஷம். ஜி.ஐ. பைப்பும் வேண்டாம், துருப்பிடிக்கும். பைப், வால்வு, டேங்க் கனெக்டர் எல்லாமே பி.வி.சி.யாக இருக்கட்டும்.

பம்ப்புக்கு அருகில் ஒரு யூனியன் கட்டாயம். இல்லையென்றால் பம்ப்பைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் பைப்பை அறுக்க வேண்டியிருக்கும். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் முடிந்த இடங்களில் 45 டிகிரி போட்டால் ஓட்டம் தடைபடாது. சால்வென்ட் ஒட்டிய பிறகு ஒரு நாள் காயவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே உப்புத் தண்ணீர்.

சென்னை வெயிலும் ஆவியாகும் தண்ணீரும்

கடல் மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வசதியானது. மே மாதத்து சென்னையில் மூடிய ஹாலில் அது நடக்காது. சில்லர் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கான டி-ஜாயின்ட்டையும் வால்வையும் இப்போதே லைனில் விட்டுவையுங்கள். சில்லரை ஸ்டாண்டுக்குள் அடைக்காதீர்கள். அது வெளியேற்றும் சூடு மறுபடி தண்ணீருக்கே வரும்.

ஃபேன் வைத்துக் குளிரூட்டினால் செலவு குறைவு, ஆவியாவது அதிகம். ஒரு நாளில் 4 லிட்டர் ஆவியானால் நம் பம்ப் அறையில் மட்டம் 5 செ.மீ. இறங்கிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் ஈடுகட்ட ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை. இதைத் தானாகச் செய்யும் கருவிதான் ஆட்டோ டாப்-ஆஃப்.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதையின் இரண்டாம் பாகம். அன்று இரவு கரன்ட் வந்ததும் பம்ப் ஓடியது. வெளியே போன தண்ணீரின் குறைவு முழுவதும் பம்ப் அறையில் தெரிந்தது. ஆவியாகிவிட்டது என்று நினைத்த டாப்-ஆஃப் கருவி, தன் வாளியில் இருந்த 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றித் தள்ளியது. காலையில் உப்பின் அளவு சட்டென்று குறைந்திருந்தது. மீன்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். எனவே டாப்-ஆஃப் வாளி சின்னதாக இருக்கட்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓடினால் தானாக நிற்கும் வசதி உள்ள கருவியை வாங்குங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் சம்ப்புக்கு மேலேயோ தரையிலோ வேண்டாம். பக்கவாட்டில், உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது கட்டாயம். உப்புத் தண்ணீரில் கை விடுவது நீங்கள்தான், மறக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் அதில் முதலில் இணைக்க வேண்டியது வேவ்மேக்கர். நீண்ட மின்தடையில் மீன்களை முதலில் கொல்வது ஆக்சிஜன் குறைவுதான். நீர்ப்பரப்பு அசைந்துகொண்டிருந்தாலே பெரும்பகுதி ஆபத்து விலகும்.

பவளப்பாறை வாங்கலாமா?

கூடாது. நம் கடலில் உள்ள பவளங்களும் கடல் குதிரையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த 'லைவ் ராக்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதற்கும் பிளம்பிங்குக்கும் என்ன சம்பந்தம்? இயற்கைப் பாறையில் வாழும் பாக்டீரியாதான் மீன்கழிவில் உள்ள அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். பாறை இல்லையென்றால் அந்த பாக்டீரியாவுக்கு வேறு வீடு வேண்டும். செராமிக் மீடியாவைச் சம்ப்பில் ஸ்கிம்மர் அறையை ஒட்டி வைக்க இடம் ஒதுக்குங்கள். பாக்டீரியா வளரப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் வேண்டாம்.

மீனிலும் தேர்வு இருக்கிறது. கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. கொளத்தூர் கடைகளில் கேட்கும்போது, "இது கடல்ல புடிச்சதா, பண்ணையில வளர்த்ததா?" என்று கேட்டு வாங்குங்கள்.

உப்பு போடும் முன் நான்கு டெஸ்ட்

சாதாரணத் தண்ணீரை நிரப்பி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு ஒழுகுகிறதா என்று பாருங்கள். பிறகு:

1. மெயின் ஸ்விட்ச்சை அணையுங்கள். சம்ப் எதுவரை நிரம்புகிறது? 5 செ.மீ.யாவது மிச்சம் இருக்கிறதா? சரி என்றால் மீண்டும் ஓடவிட்டு, ஓடும்போது உள்ள மட்டத்தில் வெளியே ஒரு டேப் ஒட்டுங்கள். இனி அந்தக் கோட்டுக்கு மேல் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

2. ஸ்விட்ச்சைப் போடுங்கள். நீங்கள் எதையும் தொடாமல் ஓட்டம் தானாகப் பழைய நிலைக்கு வருகிறதா? சில முறை திரும்பச் செய்யுங்கள்.

3. பிரதான வடிகாலைக் கையால் அடையுங்கள். அவசரக் குழாய் மட்டுமே எல்லாத் தண்ணீரையும் தாங்குகிறதா?

4. எல்லா வடிகாலையும் அடையுங்கள். பம்ப் அறை காலியாகும்வரை மேல்தொட்டி வழியாமல் இருக்கிறதா?

நான்கிலும் தேறினால் உப்பு போடலாம். ஒன்றில் தவறினாலும் பைப்பை மாற்றுங்கள், "பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே டெஸ்ட்டை மறுபடியும் செய்யுங்கள். நத்தையும் பாசியும் உங்கள் கணக்கைக் கேட்டு வளர்வதில்லை.

நண்பன் பைப்பின் வாயை மேலே தூக்கிவிட்டான். கீழ் வீட்டு சீலிங்குக்குப் பெயின்ட் அடித்த செலவும் அவனுடையதுதான். போன வாரம் மறுபடி கரன்ட் போனது. சம்ப் மட்டம் 6 சென்டிமீட்டர் ஏறி, அப்படியே நின்றது. இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. "தம்பி, கரன்ட் போச்சே... மேல எல்லாம் ஓகேவா?"

"ஓகே ஆன்ட்டி. வந்து பாருங்க, மீன் முட்டை வச்சிருக்கு."